பன்னிரண்டு விருந்தாளிகள்

ஆகஸ்ட் 9

பெட்டியைத் திறக்கப் போகிறவருக்கு,

வணக்கம். உங்களை எனக்குத் தெரியாது. கருவிப் பெட்டிக்குள் இப்படித் துண்டுக் கடிதம் வைப்பது முறையா என்றும் தெரியாது. எழுதியதற்கு மன்னித்துவிடுங்கள். நேரில் பார்த்திருந்தால் கண்டிப்பாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

விஷயம் சின்னதுதான். மூன்றாவது நுண்ணோக்கியின் பக்கத் திருகு இறுகிப் போயிருக்கிறது. போன முறை உங்கள் கல்லூரியிலிருந்து வந்தபோது யாரோ இடுக்கி வைத்துத் திருகிய தடம் அதில் இருந்தது. நீங்கள்தான் என்று சொல்லவில்லை, மன்னிக்கவும். இடுக்கி வேண்டாம். கொஞ்சம் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் திருப்பினால் தானாக வழிக்கு வரும். ஒன்பதாவதில் கண் வைக்கும் பக்கத்துக்கு மூடி இல்லை. என் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டியிருக்கிறேன். துவைத்த துணிதான்.

நான் இங்கே உயிரியல் துறையில் தற்காலிக விரிவுரையாளர். வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். இந்தப் பன்னிரண்டு நுண்ணோக்கிகளையும் இங்கே எல்லோரும் விருந்தாளிகள் என்றுதான் சொல்கிறார்கள். ஆய்வுக்குழு வருவதற்கு முதல் நாள் பல்கலைக்கழக வண்டியில் வந்து இறங்கும். குழு கிளம்பியதும் அடுத்த கல்லூரிக்குப் போய்விடும். நேற்று எங்கள் முதல்வர், "என்னம்மா, விருந்தாளிங்களை மூட்டை கட்டியாச்சா?" என்று கேட்டபோது அலுவலகமே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு லேபுக்குப் போய் வெறும் மேசைகளைத் துடைத்தேன்.

உங்கள் கல்லூரியிலும் இப்படித்தானா? பதில் எழுத வேண்டாம். படித்ததும் இதைக் கிழித்துவிடுங்கள். மன்னிக்கவும்.

இப்படிக்கு,
பெட்டி கட்டியவள்


ஆகஸ்ட் 17

பெட்டி கட்டியவளுக்கு,

ஒரு துண்டுக் காகிதத்தில் எத்தனை மன்னிப்பு! கையெழுத்தைப் பார்த்தாலே என்னைவிடச் சின்னவள் என்று தெரிகிறது. ஒவ்வோர் எழுத்தும் கைகட்டி வரிசையில் நிற்கிறது. அதனால் 'நீ' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

இடுக்கி போட்டது நான்தான். குழுத் தலைவர் வாசலில் காரை விட்டு இறங்கிவிட்டார், திருகு அசைய மாட்டேன் என்கிறது. வேறு என்ன செய்திருக்க வேண்டும்? உன் வைத்தியத்தை இந்த முறை செய்து பார்த்தேன். வழிக்கு வந்தது.

பதில் வேண்டாம் என்று எழுதிவிட்டுக் கேள்வியும் கேட்டிருக்கிறாய். ஆமாம், இங்கும் இதே கதைதான். பல்கலைக்கழகம் நேரடியாக நடத்துகிற கல்லூரிகள் ஏழு. ஏழுக்கும் சேர்த்து நுண்ணோக்கிகள் பன்னிரண்டு, வண்டி ஒன்று. ஓட்டுகிறவரை உனக்கும் தெரிந்திருக்கும். ஐம்பதைத் தாண்டி முள் நகராது, அதனால் ஆளுக்கே ஐம்பது என்று பெயராகிவிட்டது. "கொஞ்சம் வேகமா வந்தா என்ன அண்ணே?" என்று கேட்டால், "கண்ணாடி சாமான்மா. உடைஞ்சா யாரு பதில் சொல்றது?" என்பார். இந்தப் பல்கலைக்கழகத்திலேயே, பதில் சொல்ல வேண்டியிருக்குமே என்று பயப்படுகிற ஒரே ஆள் அவர்தான்.

விடைத்தாள் கட்டு ஏற்ற அவர் அடிக்கடி வருவார். எழுத வேண்டுமென்றால் அவரிடமே கொடு. பிரித்துப் படிக்க மாட்டார். படிக்க மூக்குக் கண்ணாடி வேண்டும். அதை வண்டி ஓட்டும்போதே போடுவதில்லை.

நானும் தற்காலிகம்தான். பதினோரு வருடமாக. பெரிய மகள் பிறந்தபோதும் தற்காலிகம், இப்போது அவள் என் உயரத்துக்கு வந்துவிட்டாள், இப்போதும் தற்காலிகம். ஆய்வு நாளில் மட்டும் என்னை "எங்கள் மூத்த பேராசிரியை" என்று அறிமுகப்படுத்துவார்கள். அன்று ஒருநாள் மேசையின் நடுவில் நாற்காலி கிடைக்கும். விருந்தாளிகள் பன்னிரண்டு என்று யார் சொன்னது?

உன் பிள்ளைகள் அதைத் தொட்டாவது பார்க்கிறார்களா? இங்கே இல்லை.

அக்கா


செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

'அக்கா' என்று கையெழுத்துப் போட்டிருந்தீர்கள், அதனால் அப்படியே கூப்பிடுகிறேன். தவறென்றால் சொல்லிவிடுங்கள்.

அங்கீகாரத்துக்கான ஆய்வுக்குழு இன்று காலை எங்களைப் பார்த்துவிட்டுப் போனது. நாளை மறுநாள் உங்களிடம் வருகிறார்களாம். இந்தக் கடிதம் பெட்டியோடு வரும்.

என் பிள்ளைகள் தொட்டிருக்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். பதில் சொல்ல என்னிடமிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது.

நான் இதே கல்லூரியில், இதே லேபில் படித்தவள். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். அம்மா மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை செய்கிறார். நான் பட்டம் வாங்கிய அன்று, அங்கே யாரோ ஒரு டாக்டரின் கோட்டை இன்னும் கொஞ்சம் கஞ்சி போட்டுத் தேய்த்தேன் என்றார். ஏனென்று கேட்டதற்கு, "சும்மாதான். மனசு நல்லா இருந்துச்சு" என்றார்.

படிக்கும்போது விருந்தாளிகள் வருகிற நாளில் எங்களுக்கும் வெள்ளைக் கோட்டு மாட்டி வரிசையாக நிறுத்துவார்கள். ஆளுக்கொரு நுண்ணோக்கி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு குனிய வேண்டும், எதையும் திருகக் கூடாது. பல்பு போய்விடும் என்று விளக்கைப் போட மாட்டார்கள். கும்மிருட்டுதான் தெரியும். ஒரு வருடம் குழுவில் ஒருவர் என் பக்கத்தில் வந்து, "என்னம்மா தெரியுது?" என்று கேட்டார். "செல் தெரியுது சார்" என்றேன். "வெரி குட்" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

செய்முறைத் தேர்வில் புத்தகத்திலிருந்த படத்தை மனப்பாடமாக வரைந்தேன். எல்லோரும் அப்படித்தான். நல்ல மதிப்பெண் வந்தது. விளக்குப் போட்ட நுண்ணோக்கியில் முதன்முதலாக நான் பார்த்தது, இங்கே விரிவுரையாளராக வந்த பிறகு.

இன்று ஒரு காரியம் செய்தேன். குழு மதியமே கிளம்பிவிட்டது. வண்டி சாயங்காலம்தான் வரும். மூன்றாம் ஆண்டு மாணவிகள் மூன்று பேர் லேப் கழுவ உதவிக்கு வந்திருந்தார்கள். கதவைச் சாத்தினேன். ஒரு வெங்காயத்தை உரித்து, தோலை ஸ்லைடில் வைத்து, விளக்கைப் போட்டேன். அதில் ஒருத்தியை வகுப்பில் 'கேள்வி' என்று கூப்பிடுவார்கள், எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பாள். இன்று குனிந்தவள் நிமிரவே இல்லை. "மேடம், புத்தகத்துல போட்டிருக்கறது நிஜம்தான்போல. செங்கல் அடுக்கின மாதிரியே இருக்கு" என்றாள். மற்ற இருவரும் "நகரு, நகரு" என்று அவளை இடித்துத் தள்ளிவிட்டுப் பார்த்தார்கள்.

அதற்குள் ஐம்பது அண்ணன் வந்து வாசலில் இருமினார். அவசர அவசரமாகப் பெட்டியைக் கட்டினோம். அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் இதை எழுதுகிறேன். சந்தோஷமாக இருந்தது, அக்கா. யாரிடமும் சொல்ல முடியாததால் உங்களிடம் சொல்கிறேன்.

இதையும் கிழித்துவிடுங்கள்.

தங்கை


செப்டம்பர் 6

சந்தோஷமாக இருந்ததா? இங்கே நடந்ததையும் கேள்.

ஏழாவது நுண்ணோக்கியில் உன் ஸ்லைடு அப்படியே இருந்தது. நான் கவனிக்கவில்லை. குழுத் தலைவர் எந்த நுண்ணோக்கியிலும் குனிகிற ஆள் இல்லை. நேற்று என்னவோ புத்தி வந்து குனிந்தார். ஸ்லைடை எடுத்துப் பார்த்தார். அழகான கையெழுத்தில் 'வெங்காயத் தோல், மூன்றாம் ஆண்டு' என்று எழுதி, கீழே உங்கள் கல்லூரிப் பெயரையும் எழுதி ஒட்டியிருக்கிறாய்.

அவர் கோபப்படவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தார். "பாருங்கய்யா, முந்தாநாள் நாம போன காலேஜ் வெங்காயம் நமக்கு முன்னாடி இங்க வந்து உக்காந்திருக்கு!" என்றார். குழுவே சிரித்தது. எங்கள் முதல்வரும் சிரித்தார். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். அறிக்கையில் 'ஆய்வக வசதி நிறைவு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

கார் வாசலைத் தாண்டியதும் முதல்வர் சிரிப்பை நிறுத்திவிட்டார். இன்று காலை எனக்கு மெமோ. வருட ஒப்பந்தம் புதுப்பிக்கிற நேரம் இது. உனக்குத் தெரியாததல்ல.

ஒரு பகல் நேர ஆசைக்கு நீ விளக்குப் போட்டாய். சூடு எனக்கு விழுந்தது. இனி எழுதாதே.


செப்டம்பர் 14

அக்கா,

எழுத வேண்டாம் என்று சொன்னீர்கள். இது ஒன்று மட்டும்.

தவறு முழுக்க என்னுடையது. லேபிள் ஒட்டியதும் நான், எடுக்க மறந்ததும் நான். உங்கள் முதல்வருக்கு அப்படியே எழுதிக் கொடுக்கிறேன். நீங்கள் சரி என்று ஐம்பது அண்ணனிடம் வாய்ச்சொல்லாகச் சொல்லி அனுப்பினால் போதும்.

தங்கை


அக்டோபர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

ஐம்பது அண்ணன் பலமுறை வந்துபோய்விட்டார். ஒவ்வொரு முறையும் நான் பார்க்கிற பார்வையைப் பார்த்துவிட்டு, "குடுக்கலம்மா. நல்லா இருக்காங்க. டீ குடுத்தாங்க" என்று மட்டும் சொல்வார். மறுபடியும் எழுதுவது தொந்தரவு என்று தெரியும். இதைச் சொல்ல வேறு யாரும் எனக்கு இல்லை.

போன வருடம் முடித்துப்போன ஒரு மாணவி, அந்த வகுப்பிலேயே முதல் மதிப்பெண், ரத்தப் பரிசோதனை நிலையம் ஒன்றில் வேலைக்குப் போனாள். நேர்முகத் தேர்வில் நுண்ணோக்கி முன்னால் உட்காரவைத்து, "பாத்து சொல்லும்மா" என்றார்களாம். நாம் சொல்லிக்கொடுத்தபடி ஒரு கண்ணை மூடிக் குனிந்திருக்கிறாள். எதையும் திருகவில்லை. "என்ன தெரியுது?" என்று கேட்டதும், "செல் தெரியுது சார்" என்று சொல்லியிருக்கிறாள்.

"இன்னும் லைட்டே போடலையேம்மா" என்றாராம் அவர்.

அவள் வீட்டுக்குப் போகாமல் நேரே கல்லூரிக்கு வந்தாள். லேப் வாசலில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அழவில்லை. "மேடம், பட்டம் குடுக்கறதுக்கு முன்னாடி யாராவது ஒரே ஒரு தடவை எங்களை நல்லா பாத்திருக்கலாம்ல?" என்று கேட்டாள். உள்ளே வா என்றேன். வரவில்லை. என் பதில் என்னவாக இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் இருட்டைப் பார்த்துச் சொன்ன அதே வாக்கியத்தை, அக்கா, ஒரு சொல் மாறாமல் அவளும் சொல்லியிருக்கிறாள்.

அடுத்த நாள் முதல்முறையாக முதல்வர் அறைக்கு நானாகப் போனேன். நான்கு நுண்ணோக்கிகளாவது வாங்கித் தரச் சொல்லி மனு கொடுத்தேன். "ஏம்மா, நான் வேண்டாம்னா சொல்றேன்? நானே இன்சார்ஜ், நிரந்தரம் இல்ல. பதிவாளரைக் கேளு" என்றார். விடுப்புப் போட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். பதிவாளரும் இன்சார்ஜ்தான். கொள்முதல் குழு கூடினால்தான் வாங்க முடியும் என்றார். துணைவேந்தர் இல்லாமல் கொள்முதல் குழு கூடாது, அந்த இடம் காலி. துணைவேந்தரை நியமிக்க ஆட்சிக்குழு பெயர்கள் தர வேண்டும். அது கூடுகிறது, டீ குடிக்கிறது, ஒத்திவைக்கிறது. இவ்வளவும் அங்கே வராந்தாவில் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது. அந்த வராந்தாவில் பெஞ்சுகள் நிறைய. காத்திருக்கிறவர்களை எதிர்பார்த்தே கட்டியிருக்கிறார்கள் போல.

கடைசியில் கணக்குப் பிரிவில் ஓர் அம்மா இரக்கப்பட்டு என் மனுவை எடுத்துப் படித்தார். ஏதோ தாளைப் புரட்டினார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க காலேஜ்லதான் பன்னிரண்டு இருக்கே?"

"இல்லைங்க. அது வந்துட்டுப் போயிடும்."

"இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்ல வருஷா வருஷம் பன்னிரண்டுன்னு இருக்கும்மா. ஏழு காலேஜ்லயும் இருக்கு. மொத்தம் எண்பத்து நாலு. இதுக்கு மேல எதுக்குன்னு ஆடிட்ல என்னைக் கேப்பாங்களே."

மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். நம் மேசைகளை நிரப்பிக் காட்டியது நாம்தான். நிரம்பியிருப்பதால்தான் வாங்க வேண்டியதில்லை. ஊருக்குத் திரும்பும் பேருந்தில் இதையே யோசித்துக்கொண்டு வந்தேன். நம்மை யார்தான் கேட்பார்கள், நாம் யாரைத்தான் கேட்பது?

மெமோ என்ன ஆயிற்று என்று மட்டுமாவது தெரிந்தால் எனக்குத் தூக்கம் வரும்.

தங்கை


நவம்பர் 4

தங்கச்சிக்கு,

மெமோவுக்குப் பதில் எழுதிக் கொடுத்து முடித்துவிட்டேன். நீ தூங்கு.

கேள்வி என்ன தெரியுமா? 'பிற கல்லூரிக்குச் சொந்தமான பொருளை ஆய்வகத்தில் வைத்திருந்தது ஏன்?' மேசையில் இருந்த பன்னிரண்டும் நம்முடையது இல்லை. அதற்கு மெமோ கிடையாது. வெங்காயத் தோலுக்கு மெமோ. 'இனி கவனமாக இருப்பேன்' என்று எழுதினேன். எதில் கவனமாக என்று யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தமும் புதுப்பித்தாகிவிட்டது, வழக்கம்போல் தாமதமாக.

கோபத்தில் எழுதிவிட்டேன். கோபம் உன் மேல் இல்லை என்று அப்போதே தெரியும். ஆனால் கைக்கெட்டிய தூரத்தில் நீதான் இருந்தாய். ஆட்சிக்குழு மேல் கோபப்பட வேண்டுமென்றால் பேருந்து ஏறிப் போக வேண்டும், போனாலும் உன்னைப் போல் பெஞ்சில்தான் உட்கார வேண்டும்.

யாரைக் கேட்பது என்கிறாய். சொல்கிறேன் கேள். ஆட்சிக்குழுவில் இருக்கிற நாலு பேர்தான் ஆய்வுக்குழுவிலும் இருக்கிறார்கள். தாங்கள் நடத்துகிற கல்லூரியைத் தாங்களே பார்த்து, தங்களுக்கே அறிக்கை எழுதி, தாங்களே படித்துத் திருப்திப்பட்டுக்கொள்கிறார்கள். இதில் நீயும் நானும் எங்கே நுழைவது? அவர்களைக் கெட்டவர்கள் என்றும் சொல்ல மாட்டேன். அந்தச் சிரித்த தலைவர் என் சின்ன மகளின் காய்ச்சலை விசாரித்துவிட்டுத்தான் போனார். தெரியாமல் செய்கிறவனுக்குச் சொல்லிப் புரியவைக்கலாம். இங்கே எல்லோருக்கும் தெரியும். அதுதான் அலுப்பு.

நானும் ஒருமுறை பேசியவள்தான். வேலைக்கு வந்த புதிதில், ஆசிரியர் கூட்டத்தில் "யாருக்காவது கருத்து இருக்கா?" என்று கேட்டார்கள். கேட்கிறார்களே என்று எழுந்து சொன்னேன். அந்த வருடம் எல்லோருக்கும் ஒப்பந்தம் வந்தது; எனக்கு மட்டும் நாலு மாதம் கழித்து வந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, 'ஃபைல் நகரலை' என்பதைத் தவிர. பிறகு கருத்து இருக்கா என்று கேட்டால் ஜன்னலைப் பார்த்துக்கொள்வேன். அதனால் என்னை வீராங்கனை என்று எண்ணி எதுவும் எழுதாதே. எனக்குக் களைப்பாக இருக்கிறது.

அந்த முதல் மதிப்பெண் பெண்ணைப் பற்றி எழுதியிருந்ததைப் படித்துவிட்டு மடித்து வைத்தேன். மறுபடியும் எடுத்துப் படித்தேன். என் பெரிய மகள் வந்து, "என்னம்மா, யாரு செத்துட்டாங்க?" என்றாள். முகம் அப்படி இருந்திருக்கிறது.

செய்தி ஒன்று. டிசம்பர் 2ஆம் தேதி எங்களிடம், 3ஆம் தேதி உங்களிடம் மறுபடியும் குழு வருகிறது. இந்த முறை அரசு ஒரு வெளியாளையும் அனுப்புகிறது. யாரோ ஒரு அம்மா, வேறு ஊர், நம் ஆட்களில் யாருக்கும் பழக்கமில்லையாம். எங்கள் முதல்வர் இப்போதே லேப் சுவருக்கு வெள்ளையடிக்கிறார். நம் ஐம்பது எப்படியும் பெட்டியோடு 2ஆம் தேதி மதியமே இங்கிருந்து புறப்பட்டு, இருட்டுவதற்குள் உன்னிடம் வந்துவிடுவார், ராத்திரியில் கண்ணாடி சாமானை ஏற்றி ஓட்ட மாட்டார்.

இன்னொன்று. மெமோ வந்த அன்று, பெட்டியைக் கட்டுவதற்கு முன், உன் ஸ்லைடை வைத்து விளக்கைப் போட்டுப் பார்த்தேன். நன்றாக உரித்திருக்கிறாய். தூக்கிப் போடவில்லை, என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

அக்கா


நவம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை ஐம்பது அண்ணன் என் கையில் கொடுத்துவிட்டு, "சிரிம்மா, இந்தத் தடவை கனமா இருக்கு" என்றார். சிரித்தேன். ஸ்லைடு பத்திரமாக இருக்கிறது என்ற இடத்தில் கொஞ்சம் அழுதேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். உங்களுக்குக் களைப்பு என்று சொன்ன பிறகும் எழுதுகிறேன், அதனால்தான். எனக்கும் களைப்புதான். சேர்ந்த இரண்டே வருடத்தில் இவ்வளவு களைத்தால் பதினோரு வருடத்தில் என்ன ஆவேன் என்று பயமாக இருக்கிறது.

வெளியாள் வருகிறார் என்று எழுதியிருந்தீர்கள். அதிலிருந்து எனக்கு ஒரே யோசனை. அவரிடம் போய்ப் பேச எனக்கு வாய் வராது. வந்தாலும் பக்கத்தில் நிற்கிற முதல்வர், "புதுப் பொண்ணு, சரியா தெரியாது" என்று சொல்லிவிடுவார். மனு கொடுத்தால் அது நம் பதிவாளருக்கே திரும்பி வரும். ஒன்றே ஒன்றுதான் என்னைப் போல் திக்காமல் பேசும். வெறும் மேசை.

மூன்றாம் ஆண்டு மாணவிகளிடம் போன வாரம் பேசினேன். அவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் தலையில் எதையும் கட்டக் கூடாது என்று தோன்றியது. மேசை காலியாக இருந்தால் என்னென்ன ஆகலாம் என்று சொன்னேன். குழு கண்டிக்கலாம். அடுத்த வருடச் சேர்க்கையை நிறுத்தலாம். துறையையே மூடலாம். எங்கள் முதல்வர் எப்போதும் சொல்கிறாரே, "மூடிட்டா இந்தப் பிள்ளைங்க எங்கம்மா போகும்?" என்று, அது பொய்யான பயம் இல்லை. பின் வரிசையில் ஒருத்தி, "எங்களுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல மேடம்? நாங்க முடிச்சிடுவோம்ல?" என்று கேட்டாள். அவளைக் குற்றம் சொல்ல முடியவில்லை. படித்து முடித்தால் அவள் சம்பளத்தில்தான் அந்த வீடு. முடித்துவிடுவீர்கள், பின்னால் வருகிறவர்களுக்குத்தான் ஆபத்து என்றேன்.

'கேள்வி' எழுந்தாள். "பின்னால வர்றவங்களும் கோட்டு மாட்டிக்கிட்டு இருட்டைத்தான் பாக்கப் போறாங்கன்னா, அவங்களுக்கு என்ன மேடம் ஆபத்து?" என்றாள். யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. "இல்லாததை இல்லைன்னே காட்டுங்க மேடம்" என்று முன் வரிசையில் ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். பின் வரிசைப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

பின்னால் வருகிறவர்களில் என் தங்கையும் ஒருத்தி. அடுத்த வருடம் இதே துறையில் சேரப் படித்துக்கொண்டிருக்கிறாள். எங்களால் கட்ட முடிகிற கட்டணம் இந்தக் கல்லூரியில் மட்டும்தான். துறையை மூடினால் அவள் அம்மாவோடு சலவைக்கூடத்துக்குப் போக வேண்டியதுதான். நேற்று அவளிடமும் சொன்னேன். "உனக்கு வேலை போயிடுமாக்கா?" என்றுதான் முதலில் கேட்டாள். இருக்கலாம் என்றேன். ரொம்ப நேரம் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "அந்த லேப்ல 'என்ன தெரியுது'ன்னு உன்னைக் கேட்ட மாதிரி என்னையும் கேட்டா, நான் என்ன சொல்றது?" என்று கேட்டாள். நானும் நகத்தைப் பார்த்துக்கொண்டேன்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் அந்தக் கோட்டுக்குக் கஞ்சி போட்ட கதையை இன்னும் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வெளியாள் பார்த்ததை எழுதுவாரா என்று எனக்குத் தெரியாது. அவரும் சிரித்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். எழுதினாலும் வாங்கித் தருவார்களா, மூடிவிடுவார்களா, தெரியாது. ஆனால் ஒரு தாளிலாவது 'இல்லை' என்று இருக்கும். கணக்குப் பிரிவு அம்மா அடுத்த முறை என்னை அப்படி நிமிர்ந்து பார்க்க மாட்டார்.

நானே இங்கே ஏதாவது செய்துவிட முடியுமா என்று எல்லா வழியும் யோசித்துவிட்டேன். முடியாது. பெட்டி வாசலில் இறங்கிவிட்டால் முதல்வரே நின்று அடுக்கவைப்பார். அதன் பிறகு நான் கோட்டுக்குப் பொத்தான் போட்டுவிடுகிறவள் மட்டும்தான். இங்கே எது வந்து சேர்கிறது என்பது உங்கள் லேபில்தான் முடிவாகிறது. அதனால்தான் இவ்வளவு சுற்றி வளைத்து எழுதிக்கொண்டிருக்கிறேன். கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை.

ஏற்கெனவே என்னால் ஒரு மெமோ வாங்கினீர்கள். உங்களுக்கு இரண்டு மகள்கள். முடியாது என்றால் ஐம்பது அண்ணனிடம் ஒரு சொல்லும் அனுப்ப வேண்டாம். பெட்டி வழக்கம்போல் வந்து இறங்கட்டும், நான் புரிந்துகொள்வேன். வருத்தப்பட மாட்டேன் என்று எழுத நினைத்தேன், அது பொய்யாகிவிடும். வருத்தப்படுவேன். ஆனால் உங்கள் மேல் இல்லை.

செய்வதானால், இதுவரை எழுதிய கடிதங்களையெல்லாம் கிழிக்கச் சொன்னேனே, இதைக் கிழிக்காதீர்கள். யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுங்கள். கடைசிப் பக்கத்தில் என் முழுப் பெயர், துறை, கல்லூரி எல்லாம் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். கேட்டுக்கொண்டவள் நான். ஒரு கல்லூரியில் மாணவிகள் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு எப்படி மெமோ எழுதுவார்கள் என்று தெரியவில்லை. எழுதுகிறவர் முதலில் அது அங்கே எதற்காக இருக்கிறது என்று சொல்லியாக வேண்டும்.

2ஆம் தேதி மதியம் குழு உங்கள் வாசலைத் தாண்டியதும் உங்கள் மாணவிகளைக் கூப்பிடுங்கள். கோட்டு வேண்டாம். ஆளுக்கொரு வெங்காயம் உரிக்கட்டும். பன்னிரண்டிலும் விளக்கைப் போடுங்கள். மூன்றாவதைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் திருப்பச் சொல்லிக்கொடுங்கள். ஐம்பது அண்ணன் வாசலில் வந்து இருமினால், "பிள்ளைங்க பாத்துக்கிட்டு இருக்காங்க அண்ணே" என்று சொல்லி ஒரு டீ கொடுங்கள். அவர் வேகமாக ஓட்ட மாட்டார், அவசரப்படவும் மாட்டார். இருட்டட்டும். அன்று மட்டும், அக்கா, பெட்டியைக் கட்டாதீர்கள்.